பிராசஸ் படம் வரைந்தும் தேவை பிடிபடவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் கோபாலபுரம் தாண்டினால் கேரளம். எனக்கு வீடு அந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில். பிழைப்பு பெரும்பாலும் இந்தப் பக்கம். தேங்காய்க் களம், எண்ணெய் மில், நார் மில் என்று சிறு வியாபாரங்களுக்கு சாப்ட்வேர் எழுதும் குழுவில், "உங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்டு வருவது என் வேலை. வாயால் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அதனால் வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் படமாக வரைந்துவிடுவேன். வட்டம், பெட்டி, சாய்சதுரம், அம்பு. 2004-ல் வெளிவந்து, 2011-ல் இரண்டாம் பதிப்பு கண்டு, 2013-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆன பிபிஎம்என் என்ற, வேலை ஓட்டத்தை வரையும் குறியீடுதான். அதில் குறிகள் ஏகப்பட்டது. நான் அன்றாடம் புழங்குவது ஏழெட்டுதான்.

படம் வரைந்துவிட்டால் தேவைகள் தானாக மடியில் வந்து விழும் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். விழவில்லை. எங்கெங்கே தவறினேன், எப்படிச் சரிசெய்தேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ நேரே அங்கே போய்ப் படிக்கலாம்.

அறிகுறி: படத்தைப் பார்த்து எல்லாரும் "சரிங்க" என்கிறார்கள். சாப்ட்வேர் வந்தபின் ஒருவரும் தொடுவதில்லை

இருப்பதிலேயே மோசமான கோளாறு இது. வெளியே தெரியாது.

ஒரு கொப்பரைக் களத்துக்கு வரைந்த முதல் படத்தை முதலாளி அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைந்தேன். தோப்பிலிருந்து காய் வரும், எண்ணுவோம், மட்டை உரிப்போம், உடைத்துக் காயப்போடுவோம், பருப்பை மூட்டை பிடித்து அனுப்புவோம், பணம் வரும். ஆறு பெட்டி, ஐந்து அம்பு. அவர் சரி என்றார், கணக்குப்பிள்ளை சரி என்றார், களத்து மேஸ்திரியும் சரி என்றார். இரண்டு மாதம் கழித்து சாப்ட்வேரைக் கொண்டுபோய் வைத்தோம். மூன்றாம் நாளே மேஸ்திரி பழைய நோட்டுக்குத் திரும்பிவிட்டார்.

காரணம் கேட்டேன். "இதுல லாபக்காயை எங்கீங்க போடறது?" என்றார்.

காய் வாங்கும்போது, பணம் கொடுக்கும் எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் காய் வியாபாரிக்குச் சும்மா வரும். அதுதான் லாபக்காய். ஆயிரத்துக்கு எத்தனை என்பதைத் தோப்புக்காரரோடு பேசித்தான் முடிவு செய்வார்கள். ஆளுக்கு ஆள் மாறும், காய் விலை ஏறினால் இறங்கினால் மாறும். விவசாயிகளுக்கு இதில் மனக்குறை உண்டு, அது தனிக்கதை. எங்கள் திரையில் 'காய் எண்ணிக்கை' என்று ஒரே கட்டம் இருந்தது. வேண்டியதோ மூன்று: எண்ணிய காய், லாபக்காய், பணத்துக்குரிய காய். முதலாளியிடம் போய், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே தம்பி, அதை எதுக்குச் சொல்றது?" என்றார்.

கோளாறு அவரிடம் இல்லை. பழகிப்போன வேலையை வாயால் சொல்லும்போது அதன் எலும்புக்கூடுதான் வெளியே வரும், சதை களத்திலேயே தங்கிவிடும். அதனால் ஒரே ஒரு லோடைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது வாசலில் நுழைவதிலிருந்து அதற்கான பணம் கைமாறும் வரை கூடவே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்றை மட்டும் குறியுங்கள்: யார் செய்கிறார், கையில் என்ன இருக்கிறது, எங்கே எழுதுகிறார்.

அப்படி நான் நின்று பார்த்த 'எண்ணுதல்' என்ற ஒற்றைப் பெட்டியைச் சொல்கிறேன். இரண்டு பேர் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கைக்கு ஒன்றாக இரண்டிரண்டு காயாக எடுத்து அந்தப் பக்கம் வீசுகிறார்கள். வாயில் எண்ணிக்கை ராகம்போல ஓடுகிறது. நூறு ஆனதும் ஒரு காயை எடுத்துச் சுவரோரம் தனியே வைக்கிறார்கள். கடைசியில் சுவரோரம் இருப்பதை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரிந்துவிடும். தோப்புக்காரரின் ஆள் பக்கத்திலேயே நின்று அந்த வரிசையைத்தான் பார்க்கிறார். இடையில் யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை தப்பினால், முதலிலிருந்து தொடங்குவதில்லை. கடைசியாக வைத்த காயிலிருந்து தொடங்குகிறார்கள்.

இந்த ஒரு காட்சியிலேயே மூன்று தேவை கிடைத்தது. மொத்தத்தைத் தட்டச்சு செய்யும் கட்டம் வேண்டாம், ஒரு தட்டுக்கு ஒரு நூறு ஏறும் பட்டன் வேண்டும். ஏறிய எண்ணிக்கை விற்பவருக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக இருக்க வேண்டும். தப்பினால் கடைசி நூறை மட்டும் அழிக்க வழி வேண்டும். முதலாளி அறையில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தாலும் இதில் ஒன்றுகூட வந்திருக்காது.

சரியானதா என்று சோதிக்க: திருத்திய படத்தை அந்த வேலையைச் செய்கிறவரிடமே காட்டுங்கள். ஒரு இடத்திலாவது "இல்லீங்க, அப்படியில்ல" என்று வந்தால் படத்துக்கு உயிர் வந்துவிட்டது. கொங்கு நாட்டில் "சரிங்க" என்பது பெரும்பாலும் மரியாதை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கிவிடாதீர்கள்.

அறிகுறி: ஒரு லேனில் பெட்டிகள் பிதுங்குகின்றன, மற்றவை காலி

லேன் என்பது படத்தில் யார் எதைச் செய்கிறார் என்று பிரித்துக் காட்டும் நீளப் பட்டை. பெரும்பாலும் அந்த லேனுக்கு 'அலுவலகம்' என்றோ 'நிர்வாகம்' என்றோ பெயர் இருக்கும். லேனுக்கு இடத்தின் பெயரையோ துறையின் பெயரையோ வைத்தால் இப்படித்தான் ஆகும். பொறுப்பின் பெயரை வையுங்கள்: எண்ணுபவர், பில் போடுபவர், பணம் கொடுக்க ஒப்புபவர். ஒரே ஆள் மூன்று பொறுப்பையும் பார்த்தாலும் லேன் மூன்றுதான்.

இது புரியாத களத்தில் நான் செய்த வேடிக்கை ஒன்று. காயப்போடும் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் நாலு நீளக் கோடு போட்டு, ஆளுக்கொரு லேனில் நிற்கவைத்தேன். ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "இதுதான் லோடு, உங்க வேலை முடிஞ்சதும் அடுத்தவர் கையில குடுங்க" என்றேன். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை தன் லேனில் நிற்கவே இல்லை. எடை போட ஒரு தாவல், லாரிக்காரரிடம் வாடகை பேச ஒரு தாவல், முதலாளி இல்லாதபோது விலை முடிவு செய்ய ஒரு தாவல். அந்தக் கடைசித் தாவலைப் பார்த்ததும் முதலாளி சிரிப்பதை நிறுத்திவிட்டார். விலைக்கு யார் ஒப்புதல் கொடுக்கலாம், எந்தத் தொகை வரை என்ற தேவை அன்று பிறந்தது.

சீட்டு கைமாறிய ஒவ்வொரு கோட்டையும் சுற்றி வட்டம் போடுங்கள். என் அனுபவத்தில் மென்பொருளுக்கு வேலை இருப்பது அந்தக் கோடுகளின் மேல்தான். பெட்டிக்குள் இருப்பதை மனிதர்கள் காலங்காலமாக நன்றாகத்தான் செய்து வருகிறார்கள். கை மாறும் இடத்தில்தான் காய் குறைகிறது, சீட்டு தொலைகிறது, "நான் சொன்னேனே" என்ற பேச்சு வருகிறது.

அறிகுறி: படம் ரயில் தண்டவாளம் மாதிரி நேராகப் போகிறது

வழி பிரியும் இடத்தைக் காட்டும் சாய்சதுரம் ஒன்றுகூட இல்லை என்றால் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். "வழக்கமா என்ன செய்வீங்க?" என்று கேட்டால் வழக்கம்தான் பதிலாக வரும். "போன வாரம் எந்த லோடுல தகராறு வந்துச்சு?" என்று கேளுங்கள். "கடைசியா எந்தப் பில்லை அடிச்சுட்டு வேற போட்டீங்க?" என்று கேளுங்கள். அடித்துத் திருத்திய பில்புத்தகம் கிடைத்தால் அன்றைக்கு உங்களுக்கு யோகம்.

எங்கள் பகுதியில் இதற்கு விடை பாதி நேரம் மழைதான். உடைத்த காயைத் தொட்டியோடு, அதாவது ஓட்டோடு, வெயிலில் போட்டு, இரண்டு மூன்று நாளில் பருப்பு சுருங்கி விட்டுக் கொடுத்ததும் தோண்டி எடுத்து, மறுபடி காயவைக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய ஒரு வாரம். ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் எந்த மணிக்கு வேண்டுமானாலும் உள்ளே வரும். தார்ப்பாய் இழுத்து மூடுவதற்குள் ஒரு மூலை நனைந்துவிடும். நனைந்ததைத் தனியே பிரித்து வேறு விலைக்குத் தள்ளுவார்கள்.

இதை 'மழை வந்ததா?' என்று ஒரு சாய்சதுரமாக வரையாதீர்கள். சாய்சதுரம் என்றால் வேலை முடிந்தபின் ஒருமுறை கேட்கும் கேள்வி. மழை வேலையின் நடுவில் வரும். அதற்குத்தான் பெட்டியின் விளிம்பில் ஒட்டவைக்கும் இரட்டை வட்டம் இருக்கிறது. 'காயவைத்தல்' பெட்டியின் ஓரத்தில் அதை ஒட்டி, அங்கிருந்து தனி அம்பு இழுத்ததும் எங்களுக்கு ஒன்று உறைத்தது. ஒரு லாட் நடுவழியில் இரண்டு லாட்டாகப் பிரியும். நாங்கள் வடிவமைத்த டேட்டாபேஸில் ஒரு லாட்டுக்கு ஒரே எண், ஒரே தரம், ஒரே விலை. அந்த வட்டம் ஒட்டாமல் போயிருந்தால் முதல் சாரலிலேயே கணக்கு நனைந்திருக்கும்.

அறிகுறி: சாய்சதுரம் மேல் சாய்சதுரம், படம் சிலந்தி வலை

முந்தைய கோளாறைச் சரிசெய்யப் போனவர்கள் அடுத்து விழும் குழி. விலை நிர்ணயத்தைப் படத்துக்குள் வரைந்திருப்பீர்கள். ஈரம் எவ்வளவு, பூஞ்சை உண்டா, கந்தகப் புகை போட்டதா, சில்லு எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை. அவற்றை மொத்தமாக அழித்துவிட்டு 'தரம் பார்த்து விலை சொல்லுதல்' என்று ஒரே பெட்டி போடுங்கள். விதிகளைத் தனி அட்டவணைக்கு மாற்றுங்கள். அரசு ஆதரவு விலைக்குக் கொடுக்கும் அரவைக் கொப்பரை என்றால் ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற வரிகளுக்கு இடம் அட்டவணைதான். முடிவு விதிகளுக்கென்றே டிஎம்என் என்று தனிக் குறியீடு 2015 முதல் இருக்கிறது. ஆனால் ஒரு நோட்டுத்தாளில் கட்டம் போட்டாலே போதும். விதி மாறினால் அட்டவணையில் ஒரு வரிதான் மாறும், படம் அப்படியே நிற்கும்.

அறிகுறி: பணம் கொடுத்தாகிவிட்டது, சாப்ட்வேர் 'பாக்கி' என்கிறது. அல்லது ஒரே வேலை இரண்டு தடவை நடக்கிறது

படத்தில் பிரிந்த வழி ஒன்று, சேர்ந்த வழி வேறு. புளியங்கொட்டை வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரியும். ஒரு கொட்டையைத் தொடக்க வட்டத்தில் வைத்து அம்பின் வழியே நகர்த்துங்கள். பெருக்கல் குறி போட்ட சாய்சதுரம் வந்தால் கொட்டை ஏதோ ஒரு வழியில்தான் போகும். கூட்டல் குறி என்றால் எத்தனை வழியோ அத்தனை கொட்டை வேண்டும், எல்லா வழியிலும் ஒன்று போகும். திரும்பச் சேரும் இடத்தில் கூட்டல் குறி இருந்தால், எல்லா வழியிலிருந்தும் கொட்டை வந்து சேரும் வரை காத்திருக்கும்.

எங்கள் தப்பு இது. பணம் ரொக்கமா, பேங்க் வழியா என்று பெருக்கல் குறியில் பிரித்துவிட்டு, கீழே கூட்டல் குறியில் சேர்த்திருந்தோம். ரொக்கக் கொட்டை வந்து உட்கார்ந்துகொண்டு, வரவே போகாத பேங்க் கொட்டைக்காகக் காத்திருந்தது. அதனால்தான் நிரந்தரப் பாக்கி. இதன் மறுபக்கமும் ஆபத்துதான். மூட்டை ஏற்றுவதும் பில் போடுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். கூட்டல் குறியில் பிரித்த அவற்றைப் பெருக்கல் குறியில் சேர்த்தால், மூட்டை ஏறியதும் லாரி பில் இல்லாமல் கிளம்பும், பில் முடிந்ததும் இன்னொரு முறை கிளம்பும்.

கொட்டை விளையாட்டைக் கணக்குப்பிள்ளையோடு சேர்ந்து ஆடுங்கள். தனியாக ஆடினால் உங்கள் தப்பு உங்கள் கண்ணில் படாது.

அறிகுறி: சரக்கு எல்லை தாண்டியதும் படம் மங்கிவிடுகிறது

வாங்கும் மில் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் இருக்கிறது. அங்கே இறக்குவது, எடை போடுவது, தரம் பார்ப்பது எல்லாவற்றையும் நம் படத்திலேயே, நம் அம்பிலேயே தொடர்ந்து வரைந்திருப்பீர்கள். அது நம் ஆளுகையில் இல்லாத இடம். அவர்களுக்குத் தனிப் பூல், அதாவது லேன்களையெல்லாம் அடக்கும் தனிப் பெரிய கட்டம், போட்டு உள்ளே ஒன்றும் வரையாமல் காலியாக விடுங்கள். ஒரு பூலிலிருந்து இன்னொரு பூலுக்கு முழுக்கோட்டு அம்பு போகக் கூடாது என்பது பிபிஎம்என் விதி. புள்ளிக்கோட்டு அம்பு, அதாவது தகவல் மட்டும்தான் தாண்டலாம். விதி என்பதற்காகச் செய்ய வேண்டாம், பலனுக்காகச் செய்யுங்கள். எத்தனை புள்ளிக்கோடு இருக்கிறதோ அத்தனை தகவலுக்கும் "எந்த வடிவில் வருது? வராட்டி எத்தனை நாள் பொறுப்பீங்க?" என்று கேட்க வேண்டிவரும்.

இரண்டு பூலோடு முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அந்தப் பக்கம் மூட்டை இறக்குவது சுமட்டுத் தொழிலாளர்கள். 1978-லேயே தனிச்சட்டம் கண்டவர்கள், மில்லின் ஆட்கள் இல்லை. ஆகவே அவர்களுக்கும் தனிப் பூல். அடுத்தது இ-வே பில், சரக்கு வண்டியில் போகும்போது ஆன்லைனில் போட வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு. முழுத் தேங்காய்க்கு வரியும் இல்லை, இ-வே பில்லும் வேண்டாம். கொப்பரைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, மதிப்பு 50,000 ரூபாய் தாண்டி மாநிலம் விட்டு மாநிலம் போனால் இ-வே பில் கட்டாயம். ஒரே களத்திலிருந்து இரண்டும் போகிறது என்றால் லாரி கிளம்பும் முன்னே ஒரு சாய்சதுரம் தேவை. இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. போட்ட 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்கலாம். இத்தனையும் படத்தில் கடிகாரம் போட்ட வட்டங்களாக வரும். வழியில் ஒரு லாரி பழுதாகி நின்ற இரவில், இ-வே பில்லில் வண்டி எண்ணை மாற்ற யார் விழித்திருப்பார்கள் என்ற கேள்விக்கு எங்கள் படத்தில் பதில் இல்லை. மறுநாள் ஒரு கடிகாரமும் ஒரு எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்தன.

அறிகுறி: இரண்டு பக்கமும் ஒரே படத்தை ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் வேறு வேறாகச் செய்கிறார்கள்

சொல்லைச் சோதியுங்கள். எல்லைக்காரனான நானே இதில் ஏமாந்தேன். திரையில் 'பருப்பு இருப்பு' என்று போட்டோம். நம் பக்கம் கொப்பரை. அந்தப் பக்கம் மில்லில் இருந்த சேச்சிக்குப் பரிப்பு என்றால் சாம்பாருக்குப் போடுவது. 'தொட்டி எடை' என்றோம். நமக்குத் தேங்காய்த் தொட்டி. அவர்களுக்குத் தொட்டி என்றால் வாளி, நாம் சொல்வது அவர்களுக்குச் சிரட்டை. இது சிரிப்போடு போயிற்று, அடுத்தது போகவில்லை. பணம் கேட்டுப் போன் செய்தபோது அங்கிருந்து "நேரத்தே அயச்சல்லோ" என்று பதில் வந்தது. முன்னாடியே அனுப்பிவிட்டோமே என்பது அதன் பொருள். நம் கணக்குப்பிள்ளை 'நேரத்துக்கு அனுப்பிவிடுவார்கள்' என்று குறித்துக்கொண்டார். வந்த பணத்தைத் தேடாமல் வரப்போகும் பணத்துக்காகப் பத்து நாள் உட்கார்ந்திருந்தார்.

படத்தோடு ஒரு சொல்லடைவு வையுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பொருளின் போட்டோ. 'அனுப்பினோம்', 'கிடைத்தது' போன்ற நிலைகளுக்குச் சொல்லை நம்பாமல் தேதியும் பேங்க் எண்ணும் கேளுங்கள்.

அறிகுறி: படம் அருமை, டெவலப்பர் "இதை வெச்சு நான் என்ன எழுதறது?" என்கிறார்

அவர் கேட்பது நியாயம். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஒரு குறி போடுங்கள். கையால் மட்டும் நடப்பதா, திரையின் முன் ஆள் செய்வதா, கணினி தானே செய்வதா? மட்டை உரிப்பது கைவேலை. அதற்குத் திரையே வேண்டாம், 'உரித்தல் மாட்யூல்' என்று ஒன்று எழுதித் தொலைக்காதீர்கள். திரையில் நடக்கும் வேலைக்கு மட்டும் ஒரு தாள்: திறக்கும்போது என்ன தெரிய வேண்டும், மூடும்போது என்ன பதிவாக வேண்டும், எது இல்லாவிட்டால் மூடவே விடக் கூடாது. சாய்சதுரங்களுக்கு விதி அட்டவணை, புள்ளிக்கோடுகளுக்குத் தகவலின் வடிவம், கடிகாரங்களுக்கு நினைவூட்டல். இந்த நாலும் சேர்ந்தால் டெவலப்பருக்கு வேலை கிடைத்துவிடும்.

இதற்கப்பாலும் படத்தில் வராதவை உண்டு. உச்சி வெயிலில் சிமெண்ட் தரையின் பளபளப்பில் திரை தெரியாது. களத்தின் தென்மூலையில் சிக்னல் கிடையாது. எண்ணுகிறவரின் விரல் முழுக்க மட்டைத்தூசி, தொட்டால் போன் எடுத்துக்கொள்ளாது. இவற்றை எந்தக் குறியீட்டிலும் வரைய முடியாது, படத்தின் ஓரத்தில் பென்சிலால்தான் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்ததால் நூறு பட்டனைத் திரையின் பாதி அளவுக்குப் பெரிதாக்கினோம். மேஸ்திரி இப்போது போனைச் சுவரோரம், அந்தத் தனிக்காய் வரிசைக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்துவிட்டு, நூறு ஆனதும் காயையும் வைக்கிறார், விரல் முட்டியால் போனையும் ஒரு தட்டு தட்டுகிறார்.